பதினேழாம் உரைகல்

இறந்துபோன மனைவியை அசத்துவதையே உத்தியோகமாக வைத்திருந்த மனிதர் இந்த ஊரில் பிலவேந்திரன் ஒருவராகத்தான் இருக்கும். அதுவும் ஒளிவு மறைவாக அல்ல. கிண்டித் தொழிற்பேட்டையில், ஐந்தாம் மாடியில், கழுத்தில் அடையாள அட்டையோடு, காலை ஒன்பதரைக்குக் கைரேகை வைத்துவிட்டுச் செய்துவந்தார்.

அவர் விளம்பரம் எழுதுகிறவர். ஒரு விளம்பரம் எடுபடுமா என்று பத்துப் பேரைக் கூட்டிவைத்துக் கேட்ட காலம் மலையேறிவிட்டது. வாய் சொல்வது ஒன்று, தலைக்குள் நடப்பது வேறு. 'பிரமாதம் சார்' என்பார்கள். மனம் வாசலில் ஆறிக்கொண்டிருக்கும் பஜ்ஜியில் இருக்கும். இப்போது வாயைக் கேட்பதில்லை. தலையில் ஒரு பட்டையைக் கட்டி மூளையையே கேட்டுவிடுகிறார்கள்.

மூளையிடம் கேட்பது இரண்டே கேள்வி. இது புதிதா? இது பொருந்துகிறதா? முதல் கேள்விக்குத் திரையில் நீலக்கோடு பதில் சொல்லும். இரண்டாவதற்கு மஞ்சள் கோடு. பிஸ்கட் விளம்பரத்தில் யானைக்குப் பாவாடை கட்டி நிறுத்தினால் நீலம் எகிறும், மஞ்சள் படுத்துவிடும். குழந்தை சோப்புக்குக் குழந்தையைக் காட்டினால் மஞ்சள் ஏறும், நீலம் அசையவே அசையாது. இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்து எழுந்தால்தான் சரக்கு இருக்கிறது என்று பொருள். ஆய்வகத்தில் அதற்குப் 'பூ' என்று பெயர். பூத்ததா, பூக்கவில்லையா, அவ்வளவுதான் பேச்சு.

யார் தலையில் பட்டை கட்டினாலும் ஆகிவிடாது. சிலருக்கு மட்டும், அவர்கள் பூத்தால் ஊரே பூக்கும். அப்படிப்பட்ட நாற்பது பேரைத் தேடிப் பிடித்து 'உரைகல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் நான்கு மாதம் உட்கார வைத்து, ஆயிரக்கணக்கில் விளம்பரங்களைக் காட்டிப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு ஆள் தினமும் வரவேண்டியதில்லை. அவர் தீர்ப்புச் சொல்லும் விதம் கணினிக்குள் குடியேறிவிடும். ஞாபகம் கிடையாது, ஆசாபாசம் கிடையாது, தீர்ப்பு மட்டும்தான்.

பதினேழாம் எண் உரைகல், பிலவேந்திரனின் மனைவி சகாயமேரி.

உயிரோடு இருந்தபோது எழும்பூர் ரயில் நிலையத்தில் முன்பதிவுக் கவுண்டரில் இருந்தவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஊர் உலகம் சொல்லும் கதைகளை இருபது வருடம் கேட்டவள். தங்கை கல்யாணம், மாமனார் சாவு, நேர்முகத் தேர்வு என்று எதைச் சொன்னாலும் படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி, அப்புறம்?" என்பாள். வீட்டிலும் அதேதான். பிலவேந்திரன் தான் எழுதிய வரியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டிவிட்டு மூச்சுவிடாமல் நிற்பார். அவள் வெங்காயம் நறுக்கியபடியே "சரி, அப்புறம்?" என்பாள். பதினேழு வருட இல்லறத்தில் ஒரு 'நல்லாயிருக்கு' கிடையாது. அவளை உரைகல் தேர்வுக்கு அழைத்துப் போனதே அவர்தான். கருவியாவது அவளிடமிருந்து ஒரு பாராட்டைப் பிடுங்கித் தரட்டும் என்ற நப்பாசை. ஆனால் எந்த எண் எந்த ஆளுடையது என்பதை எழுதியவர்களிடம் சொல்லக்கூடாது என்பது அங்கே விதி.

நான்கு மாதப் பதிவு முடிந்த ஆறாவது நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவர், உட்கார்ந்த இடத்திலேயே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகப் பொறியாளர் தஸ்லிமாவுக்கு மனசு கேட்கவில்லை. விதியை மீறி அவர் காதருகே குனிந்து, "சார், பதினேழு உங்க வீட்டம்மாதான்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து பிலவேந்திரன் எழுதியதெல்லாம் பதினேழுக்காக. ஆரம்பத்தில் கோடு அசைந்துகொடுக்கவில்லை. ஆறேழு மாதத்தில் மெல்ல இளகியது. பிறகு பூக்கத் தொடங்கியது. அவர் குக்கருக்கு எழுதிய விளம்பரம் அந்தச் சமயத்தில் வந்ததுதான். அடுக்குமாடியில் தனியாக இருக்கும் ஒரு மனிதர், மேல்வீட்டுக் குக்கரின் விசிலை எண்ணுகிறார். மூன்றாவது விசில் வந்ததும் தட்டை எடுத்துவைக்கிறார். 'யாரோ ஒருத்தர் காத்திருக்காங்க' என்ற வரியோடு முடியும். தமிழ்நாடே அதைப் பேசியது. பதினேழு அதற்குப் பூத்ததைப்போல எதற்கும் பூத்ததில்லை. பிலவேந்திரன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். சாவு அவளை இளக்கிவிட்டது என்று நினைத்தார். அப்படி நினைப்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மூன்று வருடம் இப்படியே ஓடியது. அக்டோபரில் ஒருநாள் மேலாளர் ரங்கபாஷ்யம் அறைக்கு அழைத்தார்.

"உக்காருங்க பிலவேந்திரன். உங்க மிஸஸ் போட்டுக் குடுத்த சம்மதம் இந்த மாசக் கடைசியோட முடியுது. இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிக்கணும். வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும். உங்க பொண்ணும் மேஜராயிட்டா இல்லையா, அவளோடதும் வேணும்."

"போடலேன்னா?"

"போடாம என்ன? சட்டப்படி மொத்தமும் அழிச்சாகணும். நம்மகிட்ட இருக்கிற நாற்பதுல பதினேழுதான் இப்ப நம்பர் ஒன். அத அழிக்கிறதாவது?"

அழிப்பது என்ற வார்த்தையைக் கேட்டதும் பிலவேந்திரன் படிவத்தை அப்போதே பையில் பத்திரப்படுத்தினார்.

மகள் ஜோவிட்டாவுக்குப் பத்தொன்பது வயது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல் நாளிதழ்க்காரர்கள் அனுப்பியிருந்த நினைவஞ்சலிப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருடாவருடம் வரும். அம்மாவின் படம், பெயர், தோற்றம், மறைவு, கீழே இரண்டு வரி. இரண்டு வருடமும் அந்த இரண்டு வரியை நாளிதழ்க்காரர்களே போட்டுக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் எழுதும் மனிதருக்கு அது மட்டும் வரவில்லை.

"இந்த வருஷமாவது நீங்க எழுதுங்கப்பா" என்றாள்.

"எழுதலாம்மா. முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்று தன் படிவத்தை நீட்டினார்.

அவள் முழுதும் படித்தாள். "அங்க இருக்கறது அம்மாவா?"

"அம்மான்னு சொல்ல முடியாது. அம்மாவோட ரசனை."

"நீங்க எழுதுறதெல்லாம் அதுக்குப் புடிக்குதா?"

"புடிக்குதே."

"எல்லாமா?"

"அநேகமா எல்லாமே."

ஜோவிட்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்ம அம்மாவுக்கா?"

அவருக்குச் சுருக்கென்றது. "ஏன், புடிக்கக் கூடாதா? அந்தக் குக்கர் விளம்பரத்துக்கு அவ எப்படிப் பூத்தா தெரியுமா?"

"அப்பா, அம்மா அதைப் பார்த்திருந்தா, மேல்வீட்டுக் குக்கர் சத்தத்தைக் கேட்டுட்டு அந்தாளு தட்டுல என்னத்தப் போட்டுத் திம்பான்னு கேட்டிருப்பாங்க."

பிலவேந்திரன் மேசையில் ஓங்கி அடித்தார். தம்ளர் உருண்டு தண்ணீர் நினைவஞ்சலிப் படிவத்தில் கொட்டியது. பெண்ணிடம் அப்படி அவர் கோபத்தைக் காட்டியதே இல்லை. அவள் அழவில்லை. முந்தானையால் படிவத்தை ஒற்றி எடுத்தாள்.

"போன வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் கூப்பிட்டேன். 'அம்மா அங்க இல்ல, ஆபீஸ்ல இருக்கா'ன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின வருஷமும் அதையேதான் சொன்னீங்க. மெழுகுவத்திய வாங்கிட்டு நான் மட்டும் போனேன். எல்லாரும் குடும்பத்தோட வந்திருந்தாங்கப்பா." ஈரப் படிவத்தை மேசை விளிம்பில் விரித்து வைத்தாள். "ஆபீஸ்ல இருக்கற அம்மாவ நானும் பாக்கணும். பாக்காம போட மாட்டேன்."

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனார். தஸ்லிமா இருவரையும் உட்கார வைத்தாள். நாற்பது கட்டங்கள் கொண்ட திரையில் பதினேழை மட்டும் பெரிதாக்கினாள். வழக்கம்போல பிலவேந்திரன் ஆணியில் தொங்கிய பட்டையை எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டார்.

"நீங்க எதுக்குப்பா கட்டிக்கறீங்க?" என்றாள் ஜோவிட்டா.

"எழுதினவனும் கட்டிக்கணும். இங்க அது வழக்கம். தன் குழந்தைன்னா யாருக்கும் பெருமை இருக்கும் இல்லையா, அந்தப் பெருமை எவ்வளவுன்னு தனியாக் குறிச்சு வெச்சுப்பாங்க."

குக்கர் விளம்பரம் ஓடியது. மூன்றாவது விசில். அந்த மனிதர் தட்டை எடுத்தார். நீலமும் மஞ்சளும் கைகோத்துக்கொண்டு எழுந்தன.

"பாத்தியா?" என்றார் பிலவேந்திரன். முகமெல்லாம் பல்.

ஜோவிட்டா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "இது அம்மா இல்ல."

"ஜோவி..."

"சத்தியமா இல்லப்பா. இவங்க யாரோ ரொம்ப நல்லவங்க."

பிலவேந்திரன் துணைக்குத் தஸ்லிமாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு விசைப்பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னம்மா தஸ்லிமா?"

"சார், நான் அன்னைக்கே உங்ககிட்ட நம்பரச் சொல்லியிருக்கக் கூடாது." அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஊர்ல ரசனை மாறிட்டே இருக்கும் சார். மூணு வருஷத்துக்கு முந்தி புதுசா இருந்தது இன்னைக்குப் பழசு. உயிரோட இருக்கறவங்கன்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை கூப்பிட்டுப் பதிவப் புதுப்பிச்சுப்போம். உங்க வீட்டம்மாவ எங்கேருந்து கூப்பிடறது? ரெண்டு மூணு மாசத்துலயே பதினேழோட கணிப்பு தப்ப ஆரம்பிச்சிடுச்சு. அப்ப கணினி என்ன செய்யும்னா, இதுவரைக்கும் இங்க பட்டை கட்டின மூவாயிரம் பேர்ல யாரோட தீர்ப்பு அவங்களோடதுக்கு ரொம்பக் கிட்ட வருதுன்னு தேடும். அவங்ககிட்டேருந்து தினம் கொஞ்சம் எடுத்துச் சேர்க்கும். தயிருக்கு உறை ஊத்தற மாதிரி."

"உறை ஊத்தினா அதே தயிர்தானே வரும்?" என்றார் பிலவேந்திரன்.

"தயிர்தான் சார். ஆனா மூணு வருஷமா தினம் உறை ஊத்தியிருக்கு. மொத நாள் ஊத்தின அந்தச் சொட்டு இன்னைக்கு எங்க இருக்கும்? பால் பூராவும் வேற ஆளோடது."

"யாரோடது?"

தஸ்லிமா அவர் தலையில் இருந்த பட்டையைப் பார்த்தாள்.

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கை தானாக எழுந்து பட்டையைக் கழற்றியது.

"மூவாயிரம் பேர்ல நீங்கதான் சார் அவங்களுக்குக் கிட்ட வந்தீங்க. பதினேழு வருஷம் ஒரே வீட்டுல இருந்தவங்க, அதனால இருக்கலாம். உங்க வரி உங்களுக்குப் புடிச்சா பதினேழு பூக்கும். நடந்தது அவ்வளவுதான். மேலாளருக்குத் தெரியும். 'சொல்லாத, அவன் எழுதறதே அதனாலதான்'னு சொல்லிட்டார். ஒருவிதத்துல அதுவும் நெசம். அவங்க பாக்கறாங்கன்னு நெனச்சுத்தான நீங்க அவ்ளோ நல்லா எழுதினீங்க?"

மூன்று வருடம் தன் முதுகைத் தானே தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவமானத்தில் அவருக்குக் காது மடல் எரிந்தது. அவமானத்தைவிடப் பெரிதாக வேறொன்று உள்ளே இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில் போகும் சத்தம் கேட்டது. சகாயமேரி செத்துப்போய்விட்டாள் என்ற சேதி, மூன்று வருடம் தாமதமாக, அப்போதுதான் அவருக்கு வந்து சேர்ந்தது.

ஜோவிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அருகே உட்கார்ந்தாள். தஸ்லிமாவிடம் கேட்டாள். "அக்கா, அந்த மொதச் சொட்டு இருக்கா?"

"இருக்கும்மா. உறை ஊத்தறதுக்கு முந்தின பதிவு, நாலு மாசத்தோடது. தொடாம வெச்சிருக்கணும்னு சட்டம்."

"அதுல போட்டுக் காட்டுங்க."

தஸ்லிமா பிலவேந்திரனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

குக்கர் விளம்பரம் மறுபடி ஓடியது. முதல் விசில், இரண்டாம் விசில், மூன்றாம் விசில். தட்டு. இரண்டு கோடுகளும் துடைத்துவிட்ட தரைபோலக் கிடந்தன.

"இன்னொண்ணு போடு" என்றார் பிலவேந்திரன்.

குடை விளம்பரம் போட்டார்கள், தரை. பல்பசை, தரை. விருது வாங்கிய மின்விசிறி விளம்பரத்துக்கு மஞ்சள் லேசாக எட்டிப்பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"அந்த நாலு மாசத்துல அவ பூத்ததே இல்லையா?"

தஸ்லிமா தேடிப் பார்த்துத் தயங்கினாள். "ஒம்பது தடவை பூத்திருக்காங்க சார். அதுல உங்களோடது ஒண்ணும் இல்ல."

ஆறாவது விளம்பரமும் தரையில் கிடந்தபோது ஜோவிட்டா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அச்சு அசல் அதே குரலில் சொன்னாள். "சரி, அப்புறம்?"

பிலவேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது உடைந்தது. பெண்ணின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதார். அவள்தான். அந்தப் படுத்துக் கிடந்த கோடுதான் சகாயமேரி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், அவருடைய ஒரு வரிக்கும் மசியாதவள், மூன்று வருடமாகப் பக்கத்து அறையில் இருந்திருக்கிறாள். அவர்தான் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தஸ்லிமாவிடம் கேட்டார். "நான் கையெழுத்துப் போட்டா, இத மட்டும் தனியா வெச்சுக்கலாமா? உறை எதுவும் ஊத்தாம? நான் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்."

"விட மாட்டாங்க சார். போட்டீங்கன்னா அந்தத் தயிர்தான் ஓடும். அடுத்த மாசத்துலேருந்து வெளிய வாடகைக்கு விடறாங்க. கடன் கொடுக்கற செயலிக்காரங்க கேட்டிருக்காங்க, ரெண்டு கட்சி கேட்டிருக்கு. எல்லாம் பதினேழாம் உரைகல்லோட தீர்ப்புன்னு உங்க வீட்டம்மா பேர்லதான் போகும்."

"போடலேன்னா?"

"ரெண்டும் சேர்ந்தே போயிடும் சார். இந்த மொதச் சொட்டும்."

நீட்டிப்புக்கு ஒரு கட்டம், அழிப்புக்கு ஒரு கட்டம் என்று படிவம் மேசைமேல் கிடந்தது. இத்தனை காலம் கழித்து அவளைக் கண்டுபிடித்த கையோடு இப்படி ஒரு கேள்வி. பிலவேந்திரன் பெண்ணைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள் அவள்.

அவர் கேட்டது வேறு. "அந்த நினைவஞ்சலிப் படிவம் வெச்சிருக்கியா?"

ஜோவிட்டா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் பட்டுக் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அவர் தஸ்லிமாவின் பேனாவை வாங்கி, நிறுத்தாமல், அடிக்காமல், திருத்தாமல் எழுதினார். எழுதும்போது வாயை அசைத்து ஏற்ற இறக்கம் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் மகளிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். தஸ்லிமா அதைப் படம்பிடித்து, மேலே சகாயமேரியின் புகைப்படத்தோடு திரையில் ஏற்றினாள்.

'சகாயமேரி. முன்பதிவு எழுத்தர், எழும்பூர். நான் எழுதிய எதையும் இவள் பாராட்டியதில்லை. இதையும் பாராட்ட மாட்டாள். கணவர் பிலவேந்திரன், மகள் ஜோவிட்டா.'

"மொதப் பதிவுல போடும்மா" என்றார். பட்டையை அவர் தொடவில்லை. அது மேசைமேல் கிடந்தது.

நீலக்கோடு அசையவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. சில நொடிகள் சென்றன. மஞ்சள் கோடு எழுந்தது. அவசரப்படாமல் ஏறி, உச்சியைத் தொட்டு, அங்கேயே நின்றது.

"பூ இல்ல சார்" என்றாள் தஸ்லிமா மெதுவாக. "புதுசுன்னு ஒத்துக்கல. ஆனா பொருந்துதுங்கறாங்க. முழுசா."

"அவ்வளவுதான் சொல்லுவா" என்றார் பிலவேந்திரன். "அவளுக்கு அதுவே ஜாஸ்தி."

படிவத்தை இழுத்து, அழிப்புக்கான கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கடைசி 'ன்' கோணலாக விழுந்தது. அதன் கீழே ஜோவிட்டா போட்டாள். தஸ்லிமா திரையை உடனே அணைக்கவில்லை. மஞ்சள் கோடு தானாகத் தணிந்து இறங்கும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே தெருவில் வெயில் கொளுத்தியது. ஆட்டோவுக்காக நின்றபோது பிலவேந்திரன் தொண்டையைச் செருமினார். அடக்கம் முடிந்த அன்றைக்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனதில்லை. எப்படிக் கேட்பதென்று தெரியாமல் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ஜோவி, அம்மா எந்த வரிசை?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பன்னெண்டாவதுப்பா. தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல. வாங்க, காட்டறேன்."